கதிர் வாங்காத குறுவை

விதைக்கடையை மூடிவிட்டேன். வலங்கைமான் கடைத்தெருவில் இருபத்தொன்பது வருடம் நெல் விதை விற்றவன், ஐம்பத்திரண்டு வயதில் போதும் என்று ஷட்டரை இறக்கினேன். கேட்பவர்களிடம் ஓய்வு என்கிறேன். "ஓய்வெல்லாம் இல்ல, ஒதுங்கிட்டீங்க" என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூடிய மறுமாதம், நான் படித்த தஞ்சாவூர்க் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். படித்து முடித்த கையோடு தொழில் தொடங்குவது பற்றி மாணவர்களிடம் பேச வேண்டுமாம். போனேன். சால்வை போட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், உங்க பெரிய ஃபெயிலியர் எதுன்னு சொல்லுங்க சார். சக்சஸ் கதை நிறையக் கேட்டுட்டோம்" என்றான். கைதட்டல். ஒரு ஐப்பசி மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து நாற்பது மூட்டையும் அடுக்கிய இடத்திலேயே முளைத்துவிட்ட கதையைச் சொன்னேன். நடந்ததுதான். நன்றாகச் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது பாபநாசம் தாண்டும்வரை எனக்கு வாய் கசந்துகொண்டே வந்தது. அந்தப் பையன் கேட்டதற்கு அது பதில் இல்லை. இது பதில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாவரவியல் மூன்று வருடம் படித்தேன். இலையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பதைத் தவிர அதில் பிழைக்க வழியில்லை என்று கடைசி வருடத்தில்தான் தெரிந்தது. என் வகுப்பில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்திருந்தார்கள். மீதிப் பேர் எடுக்கத் திருச்சிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கள் பக்கம் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது ஷாம்பு பாக்கெட்டும் பளபளப்பான பைகளில் தனியார் கம்பெனி விதையும். வெளியே போனது ஆள்.

நான் போகவில்லை. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அப்படியே என் கையில் கொடுத்து, "மாதா பார்த்துக்குவா. நீயும் கொஞ்சம் பார்த்துக்க" என்றார். தஞ்சாவூரில் ஒரு பெரிய விதைக்கடையில் ஆறு மாதம் மூட்டை தைத்துத் தொழில் கற்றுக்கொண்டு வந்து, இருபத்து மூன்று வயதில் கடை திறந்தேன்.

மற்ற கடைகளில் இல்லாத ஒன்று என் கடையில் இருந்தது. பின்னால் ஒரு சிறிய அறை. ஒரே தடவையில் வந்து இறங்கும் மூட்டைகளுக்கு ஒரே எண் இருக்கும், லாட் என்போம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நூறு நூறாக நானூறு நெல்மணி எண்ணி எடுப்பேன். நனைத்த காகிதத்தில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, வாழைநாரால் கட்டி, வாளியில் நிற்கவைப்பேன். ஐந்தாம் நாள் ஒருமுறை பிரிப்பேன், பதினான்காம் நாள் ஒருமுறை. வேர் இறங்கிக் குருத்து நிமிர்ந்து நின்றால் சேர்த்தி. வேர் மட்டும் விட்டது, குருத்து முறுக்கிக்கொண்டது, பூஞ்சை பிடித்தது எல்லாம் தள்ளுபடி. வந்த கணக்கைக் கடைவாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவைப்பேன். அதே லாட்டில் ஒரு பிடி விதையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, எண் ஒட்டி, அலமாரியில் வைப்பேன். கல்லூரி ஆய்வகத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம்.

முதலில் சிரித்தார்கள். பிறகு பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஈரக் காகிதத்தைப் பிரிக்கிற அந்தக் காலைகளில் நான் கர்வத்தால் நிறைந்திருந்தேன். நானூறு வெள்ளை வேர்கள், நானூறு பச்சை முனைகள், எல்லாம் எனக்கு வணக்கம் வைப்பதுபோல. என்ன ஒரு முட்டாள்தனமான அழகு அது.

எனக்கு விதை அனுப்பிய தனியார் கம்பெனியின் வட்டார மேலாளர் சந்தானம் சார். அவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐம்பது வயது இருக்கும். அரசு வேளாண்மைத் துறையில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு வந்தவர். சேற்று வரப்பில் நடந்தாலும் செருப்பில் சேறு ஒட்டாது. உட்காரும் முன் கைக்குட்டையை விரிப்பார். தண்ணீரை அண்ணாந்து குடிப்பார். ஒரு சொட்டு சட்டையில் விழுந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். எதையும் செய் என்று சொல்ல மாட்டார். "இப்படி இருந்தா நல்லா இருக்கும்ல தம்பி" என்பார். நமக்கே அது தோன்றியதுபோல இருக்கும். புதிதாகப் படித்து முடித்த பையன்களுக்குத்தான் விற்பனை உரிமையைத் தேடிக் கொடுப்பார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். இழப்பதற்கு பயப்படுகிறவனைத் தேர்ந்தெடுக்கும் கண் அவருக்கு இருந்தது என்று பின்னால் புரிந்தது.

இரண்டாவது வருடம், ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்றே வைகாசி போனது. குறுவைக்கென்று கம்பெனி பத்து மூட்டை அனுப்பியது, எல்லாம் ஒரே லாட். நூற்றுப் பத்து நாளில் அறுப்புக்கு வரும் ரகம் என்று பச்சை லேபிளில் அச்சடித்திருந்தது. சோதித்தேன். பலகையில் எழுதினேன்: தொண்ணூற்றாறு.

முதலில் வந்தவர் மாணிக்கம் அண்ணன். நாற்பது வயது, ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். பக்கத்து வயல்காரரின் போர்செட்டில் குறுவைக்கு மட்டும் தண்ணீர் கேட்டு வாங்கியிருந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வெதைக்கெல்லாம் பரீட்சை வக்கிறீங்களாமே. பாஸ் மார்க்கு எவ்வளவு?" என்றார்.

"எண்பதுண்ணே."

"எங்கூட்டுப் பய முப்பத்தஞ்சுக்கே தடுமாறுறான். அவனையும் ஒரு நாளு சுருட்டி வாளியில வையிங்க."

சிரித்துக்கொண்டே மூட்டை வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் பரப்பி வெயிலில் காட்டினார். சிரிப்பு நின்றது.

"குறுவை நெல்லு குண்டா இருக்குமே. இது சன்னமால்ல இருக்கு?"

"புது ரகம்ணே. லேபிளைப் பாருங்க, எல்லாம் போட்டிருக்கு. முளைப்பு தொண்ணூத்தாறு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதுவும் சரிதான். படிச்சவங்க பார்த்து வச்சா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு மூட்டை எடுத்துக்கொண்டார். பில் போடவா என்று கேட்டேன். "உங்ககிட்ட பில்லு கேட்டா, உங்கமேல நம்பிக்க இல்லேன்னுல்ல ஆவும்" என்று சைக்கிளில் ஏற்றினார். எங்கள் பக்கம் அப்படித்தான். தெரிந்த கடையில் ரசீது கேட்பது முகத்தில் அடிப்பது மாதிரி. விதையை மூட்டையோடு வாய்க்காலில் ஊறப்போடுவார்கள். லேபிள் தண்ணீரோடு போய்விடும். நம்பிக்கை மட்டும் கரையில் நிற்கும்.

ஆறு வறண்டே கிடந்ததால் அந்த லாட்டில் வேறு யாரும் வாங்கவில்லை. எட்டு மூட்டை என்னிடமே தங்கியது.

ஆவணியில் மாணிக்கம் அண்ணன் வந்தார். கடைக்குள் ஏறவில்லை. கீழே நின்றபடியே, "தம்பி, பயிரு நல்லாத்தான் இருக்கு. கருகருன்னு இடுப்பு ஒசரம் நிக்கிது. ஆனா கதிர் வாங்கல. எம்பது நாளாச்சு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றார்.

போனேன். வரப்பில் நின்றபோது காற்று அந்த வயலுக்குள் புகுந்து புரண்டுகொண்டிருந்தது. அவ்வளவு பச்சை. பக்கத்து வயலில் கதிர் வெளிவந்து, பூத்து, தலை சாயத் தொடங்கியிருந்தது. இவருடையதில் ஒரு தொண்டைகூட உருளவில்லை, உள்ளே கதிர் திரண்டு தண்டு பருக்கவேயில்லை. சேற்றில் இறங்கி ஒரு தூரின் நடுச்சிம்பை, நடுவில் நிற்கும் தண்டை, பிடுங்கி, பிளேடால் அடியிலிருந்து நீளவாக்கில் கீறினேன். கதிர் உருவாகியிருந்தால், கணுவுக்கு மேலே கோழிக்குஞ்சின் இறகு நுனிபோல வெள்ளையாக ஒன்று தெரியும். எனக்குத் தெரிந்தது இலை. இலைக்குள் இலை. அதற்குள் வெளிச்சம் ஊடுருவும் இன்னொரு இலை. ஏழு இடத்தில் கீறினேன். ஏழிலும் இலை.

பகல் குறுகினால்தான் பூக்கும் நெல் உண்டு. நீண்ட நாள் சம்பா ரகங்கள் சில அப்படி. வைகாசியில் விதைத்தாலும் கார்த்திகை வரைக்கும் இலையாகவே காத்து நிற்கும். அதற்குள் போர்செட் தண்ணீர் நின்றுவிடும், மழை வந்து பயிரைப் படுக்கவைத்துவிடும், அடுத்து நட வேண்டிய தாளடியும் போய்விடும். கம்பெனிக் கிடங்கில் மூட்டை மாறியிருக்கிறது. சம்பா விதைக்குக் குறுவை லேபிள் தைத்திருக்கிறார்கள். அந்த விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பதினான்கு நாள் உட்கார்ந்து பார்த்தவன் நான். அது என்ன விதை என்று ஒரு நொடியில் பார்த்தவர் அவர். அவர் வாயை நான் பலகையைக் காட்டி அடைத்தேன்.

"என்ன தம்பி, உள்ள ஒண்ணுமில்லையா?"

"பார்ப்போம்ணே" என்றேன். அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

அவர் வேளாண்மை அலுவலகத்தில் மனு கொடுத்தார். அதிகாரி நேர்மையாகவே வழி சொல்லியிருக்கிறார்: பில்லும் இல்லை, லேபிளும் இல்லை; ஆனாலும் கடைக்காரர் இந்த விதையைத்தான் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு மாதிரி விதையையும் காட்டினால், கம்பெனியிடம் நஷ்டஈடு வாங்கித் தரலாம். மாணிக்கம் அண்ணன் அதை என்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். "நம்ம தம்பிதானங்க, அவரு பாட்டில்ல போட்டு வச்சிருக்காருன்னு சொல்லிட்டேன்."

வயலைப் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் கம்பெனி வேன் வந்து மீதி எட்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே சந்தானம் சார் வந்தார். கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். என் கல்யாணப் பேச்சைப் பற்றி விசாரித்தார். அடுத்த வருடம் நீடாமங்கலம் பக்கத்தையும் என் கடைக்கே கொடுக்க யோசனை இருப்பதாகச் சொன்னார். எழுந்து பின்னறைக்குப் போய், அலமாரியில் பாட்டில்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த எண்ணுக்கு நேரே வந்ததும் நின்றார்.

"எல்லாம் காலேஜ் பழக்கம். இல்ல தம்பி?"

"ஆமா சார்."

"கடைக்கு எதுக்கு? எலி வரும். இந்த ரூமு கொஞ்சம் சுத்தமா இருந்தா நல்லா இருக்கும்ல?"

அவ்வளவுதான். போய்விட்டார்.

அன்று மத்தியானம் அந்த பாட்டிலை எடுத்துக் கொல்லைக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கவிழ்த்தேன். சன்னமான நெல். ஓடிவந்து கொத்தின. ஒரு மணிகூட மிச்சமில்லாமல் தீரும்வரை நின்று பார்த்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை யாரையும் கைகாட்ட முடியவில்லை.

குறித்த நாளில் வரப்பில் ஐந்து பேர் நின்றோம். அதிகாரி, சந்தானம் சார், நான், மாணிக்கம் அண்ணன், அவர் மனைவி செல்லம்மா. அதிகாரி பயிரைப் பார்த்தார், அளந்தார், எழுதினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இது நீங்க குடுத்த விதைதானா?"

மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டதுபோல நிம்மதியாகப் பார்த்தார். சந்தானம் சார் வானத்தைப் பார்த்தார்.

"என் கடையில ரெண்டு மூட்டை வாங்கினார் சார். அது குறுவை விதை. ஊறப்போடும்போது வீட்டுல வச்சிருந்த சம்பா மூட்டையோட மாறிப்போயிருக்கலாம்."

"மாதிரி விதை இருக்கா?"

"இல்ல சார். எலி."

கிடங்கில் நடந்த தவறைத் தூக்கி அவர் வீட்டுக்குள் வைத்தேன். வாக்கியம் முன்கூட்டியே தயார் செய்ததுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கே ஆச்சரியம்.

செல்லம்மா அக்காதான் முதலில் பேசினார். "எங்க வூட்டுல சம்பா மூட்டையா? சார், வைகாசியில எங்க வூட்டுல ஏதுங்க நெல்லு? மாசியிலயே தீந்து, ரேஷன் அரிசி பொங்கித் தின்னுக்கிட்டிருந்தோம். வந்து பானையப் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, உங்க வாயாலயா சொல்றீங்க? படிச்ச புள்ளைன்னு இந்த மனுசன் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சாரே. கடைவாசல்ல எளுதிப் போடுவீங்கள்ல, போய் இதையும் எளுதிப் போடுங்க. நான் புளுகுனேன்னு எளுதுங்க!"

"அம்மா, அவரைத் திருடன்னு யாரும் சொல்லலையே" என்றார் சந்தானம் சார், அதே மெல்லிய குரலில். "மூட்டை மாறுறது சகஜம். மனுஷங்க செய்ற தப்புதான்." பிறகு என் பக்கம் தன் பேனாவை நீட்டினார். மூடியைத் திறந்தே நீட்டினார்.

அதிகாரி எழுதிய தாளில், நான் சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மாணிக்கம் அண்ணன் மனைவியின் தோளைத் தொட்டார். "வா. எளுதிக்கிட்டாங்கல்ல" என்றார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த வாரம் ஆறு மா பயிரையும் மாட்டுக்குத் தழையாக அறுத்துப்போட்டார். எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் வண்டி வண்டியாகப் போனது. நெல் வயலின் அந்தப் பச்சை வாசனை கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு நாலைந்து நாள் எழுந்து போகவில்லை.

நீடாமங்கலம் எனக்குக் கிடைத்தது. கல்யாணம் நடந்தது. கடை பெரிதானது. வெளிநாட்டுப் பணம் ஊருக்குள் வர வர, வயல்கள் மனைக்கட்டுகளாயின. மிச்சமிருந்த வயல்களுக்கு நான் விதை விற்றேன். நல்ல விதைதான் விற்றேன். ஒவ்வொரு லாட்டையும் நெல்லைக் கையில் கொட்டிப் பார்க்காமல் அதற்குப் பிறகு விற்றதில்லை. இது எதையும் சரிக்கட்டவில்லை. வருடம் தவறாமல் பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். கோபம், சோம்பல், ஜெபம் தவறியது என்று சில்லறையை எல்லாம் கொட்டிவிட்டு வருவேன். சாமியாரிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார் என்ற பயம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்த வருடம் தை மாதம் மாணிக்கம் அண்ணன் கடைக்கு வந்தார். மடித்த காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்தார். பாஸ்போர்ட் விண்ணப்பம். குவைத்தில் ஒரு மச்சான் வேலை பார்த்துவைத்திருக்கிறானாம். ரோட்டோரச் செடிகளுக்குத் தண்ணி ஊத்துற வேலை.

"எல்லாம் இங்கிலீஷா இருக்கு. எளுதித் தரணும். ஊர்ல வேற யாரைத் தெரியும் எனக்கு?"

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எழுதினேன். தொழில் என்ற இடம் வந்தது. "வெவசாயம்னு போடுங்க. இன்னும் கொஞ்ச நாளைக்கி அதானே" என்றார். கடைசிப் பக்கத்தில், அவரை நன்றாகத் தெரிந்த உள்ளூர்க்காரர் இருவரின் பெயரும் விலாசமும் கேட்டிருந்தது.

"ஒண்ணு தலையாரி. இன்னொண்ணு உங்க பேரைப் போட்டுக்கங்க" என்றார். "போலீஸ்காரவுங்க விசாரிக்க வருவாங்களாம். நான் நல்லவன்னு சொல்லணுமாம். சொல்லுவீங்கல்ல தம்பி?"

"சொல்றேண்ணே" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, காலையில் கடை திறந்த நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். வயதானவர். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மாணிக்கம்னு ஒருத்தர் உங்க பேரைக் குடுத்திருக்காரு. ஆளு எப்படிங்க?" என்றார்.

ஐந்தாறு மாதமாக எனக்குள் கிடந்தது வெளியே வந்தது. "நல்ல மனுஷன் சார். பொய் சொல்ல மாட்டார். அவர் ஒண்ணு சொன்னா அது உண்மையாத்தான் இருக்கும். நான் சொல்றேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் கேக்கல சார். கேஸு, அடிதடி, கட்சித் தகராறு ஏதாவது உண்டா?"

"இல்ல."

'இல்லை' என்று எழுதினார். நோட்டை மூடப் போனார்.

"அதையும் எழுதிக்கங்க சார்" என்றேன்.

"எதை?"

"அவர் பொய் சொல்ல மாட்டார்ங்கிறதை. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"அதுக்கெல்லாம் இதுல எடம் கிடையாது சார்" என்று நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.